வால் கருப்பா, பச்சையா

மாம்பழச்சிட்டை முதலில் காதால் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு வேலை அதற்குப் பிறகுதான். காட்டோரத்து வாகையிலோ உசிலையிலோ, இலைகளுக்குள் எங்கிருந்தோ ஒரு நீளச் சீழ்க்கை எழும். ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் சட்டென்று இறங்கி முடியும். 'வீ... ஈ... ஈ... ட்யூ'. சத்தம் வந்த திசையில் பைனாகுலரைத் திருப்பினால் அங்கே ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் அதே மரத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து, முற்றிலும் வேறொரு குரலில், கரகரவென்று நாலைந்து தடவை கத்தும். அதுவும் அதே பறவைதான். பறவை பார்க்க வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில் சலித்துப்போய், "ஏதோ சின்னப் பச்சைக் குருவி" என்று நோட்டை மூடிவிட்டு இருவாச்சியைத் தேடிப் போய்விடுவார்கள். அந்தச் சின்னப் பச்சைக் குருவியில்தான் நான் என் தொழிலைக் கற்றேன்.

ஆழியாறு அணைக்கு மேலே, வால்பாறை மலைப்பாதை ஏறத் தொடங்கும் அடிவாரத்து ஊர் எனக்கு. 1980-களின் நடுவில், பறவைகளை ஆராய வந்த ஒரு மாணவருக்குச் சாமான் தூக்கவும் கூட நடக்கவும் ஆள் தேவைப்பட்டது. வனத்துறை வாச்சர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். அன்றிலிருந்து கணக்கெடுப்பு உதவியாளன், பயணிகளுக்கு வழிகாட்டி, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்று எனக்குப் பெயர்தான் மாறியிருக்கிறது. வேலை ஒன்றுதான்: விடிவதற்கு முன் காட்டோரத்தில் போய் நிற்பது, கேட்டதையும் பார்த்ததையும் பெயர் சொல்லி எழுதுவது.

என்னைக் கூட்டிப்போன அந்த வாச்சர் மலசர் குடியைச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நடக்கும்போது பேசவே மாட்டார், நின்றால்தான் பேச்சு. "மொதல்ல கண்ண மூடிக்கடா தம்பி. எத்தன பேரு பேசறாங்கன்னு எண்ணு. யாரு எவருன்னு அப்புறம் பாக்கலாம்" என்பார். எனக்கு எல்லாமே ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. நாள்பட நாள்படக் கொண்டைக்குருவி தனியாகப் பிரிந்தது, தையல்சிட்டு பிரிந்தது. செம்போத்து எப்போதுமே தனிதான். மிஞ்சிய குரல்களில் பாதி மாம்பழச்சிட்டுடையது என்று அவர் சொன்னபோது நம்பக் கஷ்டமாக இருந்தது. நீளச் சீழ்க்கை, அடுத்தடுத்து வரும் குட்டைச் சீழ்க்கைகள், கரகரப்பு, சிணுங்கல் எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. தனித்தனியாக எழுதினால் ஒரு மரத்தில் நாலு இனம் வந்துவிடும்.

அவர் வைத்திருந்த சோதனை எளிமையானது. ஒரு குரல் நின்றதும் அதே கிளைப்பக்கமிருந்து அடுத்த குரல் வருகிறதா என்று பொறுத்திருப்பார். இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டு பறவை. எவ்வளவு நேரம் நின்றாலும் விழவே இல்லை என்றால் ஒரே பறவை என்று சந்தேகிக்க ஆரம்பிக்கலாம். பிற்காலத்தில் ஒலியைப் படமாக்கிக் கணினியில் பார்க்கும் வசதி வந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் ஒரே பறவையின் குரல்களை ஒன்று சேர்க்க இதே விதியைப் பயன்படுத்துவதைப் பார்த்தேன். அந்த மனிதர் அதை எந்தத் திரையும் இல்லாமல், புளியமரத்தடியில் நின்று செய்துகொண்டிருந்தார்.

கூட வந்த மாணவரிடம் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம் இருந்தது. 1941-இல் முதலில் வந்து, பல பதிப்புகள் கண்ட புத்தகம். அன்றைக்குப் பறவை பார்க்கிறவர்கள் எல்லார் பையிலும் அதுதான். புத்தகங்களில் ஆண் மாம்பழச்சிட்டைப் பெரும்பாலும் அதன் கல்யாணக் கோலத்தில்தான் வரைவார்கள்: தலையும் முதுகும் கருப்பு, வயிறு பளீரென்ற மஞ்சள், சிறகில் இரண்டு வெள்ளைப் பட்டை. நாங்கள் வேலை தொடங்கியது கார்த்திகை மாதம். படத்தில் இருந்த பறவை காட்டில் எங்குமே இல்லை. பச்சை முதுகுப் பறவைகளாகவே கண்ணில் பட்டன. மாணவர் எல்லாவற்றையும் 'பெண்' என்று எழுதிக்கொண்டு வந்தார். இவ்வளவு பெண்களுக்கு ஆண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி எங்களுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வாச்சர் அண்ணன்தான் வாலைப் பார்க்கச் சொன்னார். "முதுகு துணி மாதிரி, மாத்திக்கும். வால மாத்தாது" என்றார். மழைக்காலம் முடிந்து இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும்போது ஆணின் தலையும் முதுகும் பச்சைக்குத் திரும்பிவிடும். தூரத்தில் பார்த்தால் பெண்ணைப் போலவே தெரியும். ஆனால் சிறகும் வாலும் எந்த மாதத்திலும் கருப்புதான். பெண்ணுக்கு வால் மங்கிய பச்சை, சிறகும் பச்சை சார்ந்தது. இலைக்கு அடியில் பறவை தலைகீழாகத் தொங்கிப் புழு தேடும்போது நமக்குத் தெரிவது வாலும் வயிறும்தான் என்பதால், காட்டில் இதைவிட உதவும் அடையாளம் வேறில்லை. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "வால் கருப்பா, பச்சையா?" என்பதுதான்.

இந்தக் கருப்பு ஊருக்கு ஊர் மாறும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கோடை மழைக்குப் பிறகு ஆணின் முதுகில் கருப்பு நன்றாக ஏறும். இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் இனப்பெருக்க காலத்திலும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். லின்னேயஸ் 1758-இலேயே அறிவியல் பெயர் கொடுத்துவிட்ட பறவை இது. அதன் பிறகும் வட்டாரத்துக்கு வட்டாரம் உள்ள வேறுபாட்டைப் பிரித்துப் பெயரிடும் வேலை இருபதாம் நூற்றாண்டு வரை நடந்தது. எங்கள் ஊர்ப் பறவையைப் பார்த்துப் பழகியவர் அசாமுக்குப் போனால் ஆணைத் தேடித் திணறுவார். அங்கேயும் வால்தான் கைகொடுக்கும்.

நிறத்தில் இதோடு குழப்பிக்கொள்ள ஆள் நிறைய உண்டு. வெள்ளைக்கண்ணி பச்சையும் மஞ்சளும்தான், ஆனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், எப்போதும் கூட்டம். பெண் தேன்சிட்டுக்கு வயிறு மஞ்சள், அலகு வளைந்திருக்கும். மாம்பழச்சிட்டின் அலகு நேராகவும் கூராகவும் நீலச்சாம்பல் நிறத்திலும் இருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் இலைக்கதிர்க்குருவிகளுக்குச் சிறகில் மெல்லிய ஒற்றைக் கோடு தெரியும். அவை ஒரு நொடி நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். மாம்பழச்சிட்டுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு கிளையின் அடியிலிருந்து நுனி வரை தத்திப் போகும், நுனி இலையைப் பிடித்துத் தொங்கி அடிப்பக்கத்தைப் பார்க்கும், அடுத்த கிளைக்குத் தாவும். கொஞ்சம் பெரிய மரம் என்றால் முழுவதையும் இப்படியே சோதித்துவிட்டுத்தான் கிளம்பும். இந்த நடையைப் பழகிவிட்டால், வெளிச்சத்துக்கு எதிராக வெறும் நிழலுருவாகத் தெரிந்தாலும் பெயர் சொல்லிவிடலாம்.

இடையில் கொஞ்ச காலம் கோடியக்கரையில் வலை கட்டும் வேலைக்கு உதவியாகப் போயிருந்தேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வந்தது. பிகாரிலிருந்து வந்த, பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள் அந்த வேலையில் இருந்தார்கள். அவர்கள் கைப்பக்குவத்தைப் பார்த்ததே ஒரு படிப்பு. மாம்பழச்சிட்டு மெல்லிய வலையில் அபூர்வமாகத்தான் விழும். வலையின் உயரத்துக்கு மேலேயே அது திரிந்துகொண்டிருக்கும். விழுந்த ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் கண்மணியைச் சுற்றியுள்ள வட்டம் வெளிறிய மஞ்சள் என்பதைக் கவனித்தேன். எடை 13, 14 கிராம்தான் வரும். இடுப்பிலும் பின்முதுகிலும் பஞ்சாக நீண்ட இறகுகள். அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு இறகு எதற்கு என்று அங்கே புரியவில்லை.

ஊர் திரும்பி அடுத்த சித்திரையில் புரிந்தது. முதல் கோடை மழை விழுந்த மறுநாள், கருப்பேறிய ஓர் ஆண் வேல மரத்து உச்சியிலிருந்து நேர் மேலே எழும்பியது. காற்றில் நின்று இடுப்பு இறகு அத்தனையையும் விரித்துக்கொண்டு, வெள்ளைப் பந்தாகச் சுழன்று சுழன்று கிளம்பிய இடத்துக்கே இறங்கியது. இறங்கும்போது சில்லென்று ஓர் இரைச்சல். உட்கார்ந்ததும் வாலை விரித்து, சிறகைத் தொங்கவிட்டுப் பெண்ணைச் சுற்றியது. இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்தவருக்கு இனி எந்தப் படமும் தேவையில்லை. தென்மேற்குப் பருவம் ஓயும்வரை எங்கள் பக்கம் இதைப் பார்க்கலாம். பயணிகள் யானை, இருவாச்சி, சிங்கவால் குரங்கு என்று கேட்டுத்தான் வருவார்கள். ஜூன் மாதத்தில் வருகிறவர்களை நான் முதலில் வேல மரத்தடிக்குக் கூட்டிப்போய் நிறுத்துவேன். ஒரு முறைகூட யாரும் வருத்தப்பட்டதில்லை.

குரலை வைத்துப் பெயர் சொல்லும் தொழிலில் பெரிய சோதனை, அடுத்தவர் குரலில் பேசும் பறவைகள். எங்கள் காட்டோரத்தில் அப்படிப் பேசுவதில் முதல் ஆள் பச்சைச்சிட்டு. வறண்ட பக்கத்தில் ஒரு வகை, ஈரமான பக்கத்தில் நெற்றியில் பொன்னிறம் பூசிய இன்னொரு வகை. வறண்ட பக்கத்துப் பறவைக்கு, சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்து 1860-களில் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஜெர்டானின் பெயர். இரண்டுமே மாம்பழச்சிட்டின் சீழ்க்கையை அப்படியே அடிக்கும். துடுப்புவால் கரிச்சானும் அடிக்கும். இதற்கு நேர் எதிராக மாம்பழச்சிட்டே சில நேரம் கரிச்சானைப் போலக் கத்துவதும் உண்டு. இந்த வம்பில் யார் யாரைப் பார்த்துக் கற்றார்கள் என்று தேடிப் போனால் அன்றைய வேலை கெட்டுவிடும்.

நான் கடைப்பிடிப்பது பொறுமை ஒன்றுதான். நீளச் சீழ்க்கை கேட்டால் உடனே எழுதாமல் அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பேன். மாம்பழச்சிட்டு ஒரு மெட்டை எடுத்தால் அதையே பல தடவை சொல்லும். சொல்லிச் சலித்த பிறகுதான் தன் அடுத்த மெட்டுக்கு மாறும். பச்சைச்சிட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாம்பழச்சிட்டு, கொண்டைக்குருவி, வல்லூறு, தையல்சிட்டு என்று மூச்சுவிடாமல் தாவிக்கொண்டே போகும். நடுநடுவே தன்னுடைய சொந்தக் குரலும் ஒட்டியிருக்கும். ஒரு நிமிடம் முழுதாகக் கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்பது என் கருத்து.

1990-களில் பாயிண்ட் கவுண்ட் முறை எங்கள் பக்கம் பரவலாக வந்தது. ஓரிடத்தில் நின்று, குறித்த நேரத்துக்கு, கேட்கிற பார்க்கிற ஒவ்வொரு பறவையையும் அதன் தூரத்தோடு எழுத வேண்டும். அடர்ந்த காட்டில் கிடைப்பது பெரும்பாலும் குரல்தான். குரலின் தூரத்தை மதிப்பிடுவதில் மாம்பழச்சிட்டு மிகவும் ஏமாற்றும். தலையை நம் பக்கம் திருப்பிக் கத்தினால் பக்கத்தில் இருப்பது போலவும், அந்தப் பக்கம் திரும்பினால் அடுத்த மேட்டில் இருப்பது போலவும் கேட்கும். இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஒரு ஹெக்டேருக்கு எத்தனை பறவை என்ற கணக்கு முழுக்க அந்தத் தூரத்தில்தான் நிற்கிறது. உண்மையான தூரத்தை இரண்டு மடங்காக எழுதினால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். பறவையின் அடர்த்தி கால்வாசியாகக் குறைந்துவிடும். அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, இந்தக் காட்டில் பறவை குறைந்துவிட்டது என்று எழுதுவார்.

அதனால் நான் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது எப்போதும் இந்தப் பறவையைத்தான். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தூரம் சொல்ல வேண்டும். இன்னொருவர் பறவை இருக்கும் மரம் வரை நடந்து அளக்க வேண்டும். தூரம் அளக்கும் லேசர் கருவி வந்த பிறகும் நான் நடக்கத்தான் சொல்கிறேன். கால் அளந்த தூரம்தான் மனதில் தங்குகிறது. காலை ஏழு மணிக்கு ஒரு தூரம், ஓடையில் தண்ணீர் இரைகிற ஆடி மாதத்தில் வேறொரு தூரம் என்று அவரவரே கண்டுகொள்வார்கள். மாம்பழச்சிட்டில் தூரம் பிடிபட்ட காது மற்ற பறவைகளுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளில் சிலருக்கு அரிய பறவை மேல்தான் ஆசை. மாம்பழச்சிட்டு கத்தினால் பேனா நகராது. "அது எங்கயும் இருக்குதுங்களே அண்ணா" என்பார்கள். எங்கும் இருப்பதால்தான் அதை எழுத வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். அரிய பறவை இந்த வருடம் இரண்டு, போன வருடம் ஒன்று என்றால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிற்குமிடத்திலும் கேட்கிற பறவை ஒரு பக்கம் கேட்காமல் போனால் அது செய்தி. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடிப்படை, முப்பதாயிரம் பேருக்கு மேல் எழுதிக் கொடுத்த சுமார் மூன்று கோடிப் பதிவுகள். அவற்றில் பெரும்பகுதி, யாரோ சலிக்காமல் எழுதிவைத்த சாதாரணப் பறவைகள்தான்.

வால்பாறை மேட்டில் தேயிலைக்கு நடுவே தீவு தீவாக நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் வேலை செய்தபோது இது நன்றாக விளங்கியது. மாம்பழச்சிட்டு அடிவாரத்துப் பறவை. மேலே ஏற ஏறக் குறையும். மூடிய காட்டின் உள்ளே அதிகம் போகாது. அதற்கு வேண்டியது வெளிச்சம் இறங்கும் இலைக்கூரை, புதர், ஓரம். பல வருடங்கள் நடந்த ஒரு தடத்தில், மின்கம்பிக்காக மரங்களை வெட்டிய பிறகு, முன்பு அது கேட்டிராத இடத்தில் சீழ்க்கை கேட்கத் தொடங்கியது. கூட வந்தவர் புது இனம் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது, காடு திறந்துபோயிருந்தது. அதே பறவை கீழே ஆழியாற்றுப் பக்கத்து மாந்தோப்பில் கேட்டால் மகிழ்ச்சி. வெட்டிய புளிக்கும் வேம்புக்கும் பதிலாக எதையும் வைக்காமல் விட்ட தோட்டங்களில் அது இல்லாமல் போவதையும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்வதோடு நம் வேலை முடிவதில்லை. எந்த இடத்தில், எந்த மரத்தில், யாரோடு சேர்ந்து என்பதையும் எழுதினால்தான் அந்தப் பெயருக்கு உயிர் வரும். அதனால் மின்சிட்டும் பட்டாணிக்குருவியும் வெள்ளைக்கண்ணியும் சேர்ந்து வரும் கலப்புக் கூட்டத்தில் இது இருந்தால் அதைத் தனியாகக் குறிக்கச் சொல்வேன்.

கூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அதில்தான் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. கிளை பிரியும் கவட்டில், உள்ளங்கைக்குள் அடங்கும் கிண்ணம். மெல்லிய புல்லால் கட்டி, வெளிப்பக்கம் முழுவதும் சிலந்தி நூலால் பூசி மெழுகியிருக்கும். கீழிருந்து பார்த்தால் மரத்தில் ஒரு முடிச்சு என்றுதான் தோன்றும். இரண்டு முதல் நான்கு முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். கூடு தேடிக் கிளைகளைக் கலைக்கக் கூடாது; சிலந்தி வலையை அலகில் சுற்றிக்கொண்டு போகும் பறவையைத் தொலைவிலிருந்து பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். காகம், செம்போத்து, பாம்பு, ஓணான் எல்லாவற்றுக்கும் இந்த முட்டை ஆகும். உடம்பெங்கும் வரி போட்ட ஒரு சின்னக் குயில் தன் முட்டையை இதன் கூட்டிலும் இடும். அடிவாரத்தில் அந்தக் குயிலின் சீழ்க்கை கேட்டால் பக்கத்தில் மாம்பழச்சிட்டு கூடு வைத்திருக்கிறதா என்று நான் பார்ப்பது வழக்கம்.

ஒரு வருடம், வெளியூரிலிருந்து வந்த படம் எடுக்கும் குழு ஒன்று கூட்டுக்கு வெளிச்சம் போதவில்லை என்று சுற்றியிருந்த இலைக்கொத்துகளை வெட்டிவிட்டது. நான் அப்போது அவர்களோடு இல்லை. மதியம் போனபோது கூடு வெட்டவெளியில் நின்றது. மறுநாள் காலையில் முட்டை இல்லை. அந்தப் படம் எங்கோ பரிசு வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து கூடு இருக்கும் மரத்தை யாருக்கும் காட்டுவதில்லை. அதனால் வருமானம் போனதும் உண்டு. கூடு காட்டும் வழிகாட்டிக்குத்தான் கூலி அதிகம் என்ற நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது; அது மாறாமல் இந்தத் தொழிலுக்கு மரியாதை வராது.

பிளேபேக் கதையும் இதே வகைதான். கேசட் ரெக்கார்டர் காலத்தில் ஒரு குரலைப் பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டுவது பெரிய பாடு. பேட்டரி, நாடா சிக்கல், பக்கத்தில் ஓடும் ஓடை எல்லாம் தடை. 2005-இல் ஸெனோகாண்டோ இணையதளம் வந்தது. பிறகு எல்லார் பாக்கெட்டிலும் எல்லாப் பறவையின் குரலும் வந்துவிட்டது. மாம்பழச்சிட்டு ஆண் தன் எல்லைக்குள் வேறொரு ஆணின் குரல் கேட்டால் உடனே இறங்கி வரும். பயணி கை நீட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்து சண்டைக்கு நிற்கும். அடைகாக்க வேண்டிய நேரத்தில் அது இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. கூடு கட்டும் காலத்தில் குரல் போடுவதில்லை என்பது என்னோடு வருகிறவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடும் நிபந்தனை.

கருவிகள் வந்ததில் எனக்கு நன்மையே அதிகம். ராஸ்முசனும் ஆண்டர்டனும் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட தெற்காசியப் பறவைகள் நூலில் குரல்களின் படங்கள் இருந்தன. காதில் இத்தனை நாள் வைத்திருந்ததைக் காகிதத்தில் பார்த்த நாள் அது. 2021-இல் மெர்லின் செயலியில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி வந்து, பிறகு நம் பறவைகளும் அதில் சேர்ந்தன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது நல்ல துணை. பச்சைச்சிட்டு மாம்பழச்சிட்டைப் போல் சீழ்க்கையடிக்கும்போது செயலி மாம்பழச்சிட்டு என்று காட்டும். அதன் மேல் தப்பில்லை, அந்த நொடியில் அது கேட்டது அதைத்தான். முழு நிமிடமும் நின்று கேட்கும் வேலை மனிதனுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

காதுக்கும் வயது ஆகிறது. பூங்கொத்தியின் சன்னமான குரல் இப்போது பக்கத்தில் வந்தால்தான் எனக்குக் கேட்கிறது. மாம்பழச்சிட்டின் சீழ்க்கை கொஞ்சம் தாழ்ந்த சுரம் என்பதால் அது இன்னும் தெளிவாக இருக்கிறது. இந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்லாத விஷயம் இது. ஒரே ஆள் இருபது முப்பது வருடம் ஒரே தடத்தில் கணக்கெடுத்தால், கடைசி வருடங்களில் குறைந்தது பறவையா, கேட்டவரின் காதா என்று யாருக்குத் தெரியும்? அதனால் சில வருடங்களாக நான் தனியாகக் கணக்கெடுப்பதில்லை. இளவயதுக்காரர் ஒருவர் கூட நிற்பார். இருவரும் தனித்தனியாக எழுதி, முடிந்த பிறகு ஒப்பிடுவோம். எந்த இனத்தில், எந்தத் தூரத்தில் எனக்கு விடுபடுகிறது என்பது நோட்டில் ஏறிவிடுகிறது. பழைய கணக்கைப் புதிய கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறவருக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும். வயதான வழிகாட்டிகள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று சந்திக்கிற இடத்திலெல்லாம் சொல்லிவருகிறேன்.

இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களில் உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி நல்ல கூர்மை. போன தை மாதம் அமராவதிப் பக்கத்து முள்காட்டில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து, "ஐயா, இதுக்கு வாலு கருப்பும் இல்லீங்க, பச்சையும் இல்லீங்க. நுனியில வெள்ளையாட்டம் தெரியுது" என்றாள். வெள்ளைவால் கொண்ட இன்னொரு மாம்பழச்சிட்டு இனம் உண்டு. வடமேற்கு இந்தியாவின் வறண்ட நிலத்துக்குரியது. இலங்கையின் வறண்ட பகுதியிலும் பதிவாகியிருக்கிறது. அதில் வால் இறகுகளின் நுனியிலும் ஓரத்திலும் அகலமாக வெள்ளை இருக்கும், சிறகின் உள்ளிறகுகளுக்கும் வெள்ளை விளிம்பு அதிகம். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தோம். பறவை பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தது. வாலின் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது. பழைய இறகு தேய்ந்தாலும் ஓரம் இப்படி வெளிறும், நேரடி வெயில் பட்டாலும் வெளிறும். அடிப்பக்கம் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. குரலும் பதிவாகவில்லை. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் இனம் உறுதியில்லை என்று பதிய இடம் உண்டு. அப்படியே பதிந்து, படங்களையும் சேர்த்துவிடு என்றேன். அவளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, அதே மரம்தானா, எத்தனை மணி, கூட யார் இருந்தார்கள் என்று நான் கேட்கக் கேட்க அவளே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். வால் விரியும்போது அடியிலிருந்து ஒரு படம், சிறகின் உள்ளிறகு தெரிய ஒரு படம், குறைந்தது ஒரு நிமிடக் குரல், இவை மூன்றும் வேண்டும். கோடை மழை விழுந்தால் ஆண் ஆட்டம் போடும், அப்போது வால் நன்றாக விரியும் என்பதால் சித்திரையில் அந்த முள்காட்டுக்கு இருவருமாகப் போவதாக இருக்கிறோம்.